படகு முதல் டப்பா வரை: இராமநாதபுரம் கரையில் நண்டுக் கொள்முதலைத் தணிக்கை செய்யும் முறை

நண்டுக் கம்பெனியில் 'கம்ப்ளையன்ஸ்', அதாவது விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேருபவரின் மேசைக்கு முதலில் வருவது ஒரு கேள்விப் பட்டியல். நூற்றுக்கணக்கில் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, பொருந்தாது என்று மூன்று கட்டம். அதை எடுத்துக்கொண்டு நேரே கரைக்குப் போனால் சாயங்காலத்துக்குள் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' விழுந்துவிடும். சான்றிதழ்க் கோப்பு, அனுமதி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். நடந்தது என்ன என்பதைச் சொல்வது கிலோவும் லிட்டரும் கரண்ட் யூனிட்டும். உள்ளே வந்த எடையும் வெளியே போன எடையும் ஒட்டினால் காகிதத்தை நம்பலாம். ஒட்டாத இடத்தில்தான் தணிக்கை தொடங்குகிறது.

நீலக்கால் நண்டை வாங்கி, வேகவைத்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலையை வைத்தே இங்கே முறை சொல்லப்படுகிறது. மீன், கணவாய் ஆலைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சங்கிலியை வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் படகு, கரை வியாபாரி, வேகவைக்கும் கொட்டகை, சதை எடுக்கும் மையம், ஆலை என்று வரிசையாகப் பெட்டி போடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஊர், உரிமையாளர், நில சர்வே எண், ஜி.பி.எஸ். புள்ளி, ஒரு நாளில் அதிகபட்சம் கையாளும் எடை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். கொள்முதல் பிரிவு தரும் பட்டியலில் பெரும்பாலும் பெரிய வியாபாரிகளின் பெயர்தான் இருக்கும். அவருக்குக் கீழே யார் யார் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பதை அவரிடமே உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.

வடகடலா தென்கடலா என்பதை ஒவ்வொரு படகுக்கும் தனியாகக் குறியுங்கள். தொண்டி, நம்புதாளை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் பாக் விரிகுடாப் பக்கம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் மன்னார் வளைகுடாப் பக்கம். மண்டபத்திலும் பாம்பனிலும் இரண்டு பக்கமும் உண்டு, அங்கேதான் குழப்பம் அதிகம். தென்கடலில் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. இராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் அதற்குள் அடங்கும். தென்கடல் நண்டென்றால் பூங்காவுக்குள் பிடித்ததா என்று கேட்க வேண்டும். வடகடலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சர்வதேசக் கடல் எல்லை கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதால், எல்லை தாண்டிப் பிடித்த சரக்கு உள்ளே வந்தால் அது வாங்குநரின் கண்ணில் சட்டவிரோத மீன்பிடிப்பு. எந்தக் கடல் என்று தெரியாத நண்டு, எங்கிருந்தும் வந்த நண்டுதான்.

அடுத்து வேறு நிற மையில் பணத்தின் அம்புக்குறியைப் போடுங்கள். நண்டு கரையிலிருந்து ஆலைக்கு வரும். முன்பணம் ஆலையிலிருந்து கரைக்குப் போகும். வலைக்கும் என்ஜினுக்கும் அட்வான்ஸ் கொடுத்தவருக்குத்தான் படகுக்காரர் நண்டை இறக்குவார். பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் இருபது படகுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால், உங்கள் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. பொறுப்பு விசாரணை (டியூ டிலிஜென்ஸ்), அதாவது சரக்கு யார் கை வழியாக எப்படி வருகிறது என்று விசாரிப்பது, என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது அம்புக்குறியைப் பின்தொடர்வதில்தான் பாதி முடிகிறது.

எத்தனை இடம் பார்ப்பது

எல்லா இடத்தையும் ஒரே ஆண்டில் பார்க்க முடியாது. ஒரே மாதிரியான இடங்கள் பல இருந்தால் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்வது தணிக்கை உலகில் பழகிய வழி: 25 கொட்டகை என்றால் 5, 36 என்றால் 6. ஆனால் ஐந்தையும் குலுக்கிப் போட்டு எடுக்காதீர்கள். ஒன்றையோ இரண்டையோ மட்டும் அப்படி எடுங்கள். மற்றவற்றை ஆபத்தைப் பார்த்துப் பொறுக்குங்கள்: தீவுகளுக்கு எதிரே உள்ளவை, அலையாத்திக் காட்டை ஒட்டியவை, திடீரென்று வரத்து கூடியவை, ஆலைக்கு மிகத் தொலைவானவை. வியாபாரி தானே முன்வந்து 'இங்கே வாங்க சார்' என்று அழைத்துப் போகும் கொட்டகையை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

கிளம்புமுன் மேசையில் முடிக்க வேண்டியவை

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணையை, அதாவது ஆலையை ஓட்டத் தரும் அனுமதியை, வரி வரியாகப் படியுங்கள். நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 இரண்டின் கீழும் இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடுவது புதியவர்களின் வழக்கம். அதைவிட முக்கியம், ஆணையில் அனுமதித்த உற்பத்தி அளவும் கழிவுநீர் அளவும். ஒரு நாளைக்கு 3 டன் என்று இசைவு வாங்கிவிட்டு, வரத்துக் காலத்தில் 5 டன் ஓட்டும் ஆலையில் மற்ற எல்லாச் சான்றிதழும் சரியாக இருக்கும்.

கட்டடம் உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அளந்து குறியுங்கள். ஆலைக்கு இது தெரிந்திருக்கும், கொட்டகைகளுக்குத் தெரிந்திருக்காது. போர்வெல் இருந்தால் அதற்கான அனுமதியும் வேண்டும்.

ஆண்டுக் கணக்குகள் இரண்டு. மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கை, அதாவது படிவம் 5, செப்டம்பர் 30க்குள் வாரியத்துக்குப் போயிருக்க வேண்டும். ஜெனரேட்டரின் பழைய எண்ணெய் போன்ற அபாயக் கழிவுக்கான படிவம் 4, ஜூன் 30க்குள். அபாயக் கழிவை 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது. எண்ணெய் பேரலின் மேல் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், அந்த விதியைப் பற்றி ஆலைக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும்.

வாங்குநர் நாட்டு விதிகளில் ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல் சரக்குக்கு 2010 ஜனவரி முதல் பிடிப்புச் சான்று கட்டாயம். இங்கே அதைச் சரிபார்த்துத் தருவது கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். அமெரிக்காவின் கடலுணவு இறக்குமதிக் கண்காணிப்புத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியலில் 'நீல நண்டு' என்று இருப்பது அட்லாண்டிக் நண்டு, நம்மூர் நீலக்கால் நண்டு அதில் சேராது. ஆனால் அந்நாட்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் இறக்குமதி விதிகள் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வலையில் ஓங்கிலோ (டால்பின்) ஆவுளியாவோ (கடல் பசு) சிக்கினால் என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி நண்டுக்காரரிடமும் வரும்.

கரையில்: நாட்காட்டிதான் கருவி

இறங்குதளத்துக்குக் காலை வெளிச்சம் வருமுன் போய்விடுங்கள். ஏலம் முடிந்த பிறகு போனால் பார்க்க ஐஸ் தண்ணீர் மட்டும்தான் இருக்கும்.

வியாபாரியின் கொள்முதல் நோட்டிலிருந்து மூன்று மாதப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு நான்கு நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். முதலாவது தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு, வல்லத்துக்குத் தடை இல்லை. அந்த நாட்களில் விசைப்படகு எண் போட்ட சீட்டு இருந்தால் அது பொய்ச் சீட்டு, அல்லது சட்டவிரோதச் சரக்கு. இரண்டாவது, கிழமை. இராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மீன்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலை கரைக்கு வரும் முறை நெடுநாளாக இருக்கிறது. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகவே விசைப்படகு நண்டு செவ்வாய், வியாழன், ஞாயிறுகளில் இறங்கியிருக்க வேண்டும். நோட்டில் வெள்ளிக்கிழமை காலை இறங்கியதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். மூன்றாவது, புயல், பலத்த காற்று எச்சரிக்கையால் டோக்கன் நிறுத்திய நாட்கள். நான்காவது, ஊர் ஓய்வு நாள். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு, முஸ்லிம் ஊர்களில் வெள்ளி, அதோடு திருவிழாக்கள். அந்தந்த ஊரில் கேட்டே குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றும் சாட்சி சொல்லும். வாடை உரத்து வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், ஆனி ஆடியில் தென்கடல். அந்தச் சமயத்தில் படகுகள் பக்கம் மாறித் தொழில் செய்யும். ஆண்டு முழுக்க 'வடகடல்' என்றே எழுதியிருக்கும் நோட்டு, பேனாவை எடுத்தவர் கடலைப் பார்க்காமல் எழுதியது.

படகு எண்ணையும் விடாதீர்கள். இராமேசுவரம் விசைப்படகுகளின் எண் பொதுவாக ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும். மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு எம்எம் இருக்காது, எம்ஓ இருக்கும். நோட்டில் 'அந்தோணி படகு', 'முருகன் வல்லம்' என்று மட்டும் இருந்தால் அந்த வரியைக் கண்டறிய முடியாத சரக்கு என்றே கணக்கிடுங்கள், ஒரே கரையில் பத்து அந்தோணி இருப்பார்கள்.

நண்டின் அளவைப் பார்க்க ஒரே சந்தர்ப்பம் வேகவைப்பதற்கு முன். சதையான பிறகு எந்த நண்டு எவ்வளவு பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது. கூடையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கலந்து 100 நண்டை எடுத்து, ஓட்டின் இரண்டு பக்க முள்ளின் நுனிக்கு நுனி அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள். மேலடுக்கில் எப்போதும் பெரிய நண்டுதான் இருக்கும். வாங்குநரின் குறைந்தபட்ச அளவு 10 சென்டிமீட்டர் என்றால், அதற்குக் கீழே எத்தனை என்பதே உங்கள் சதவீதம். அகலமான அடிவயிற்று மடல் பெண் நண்டுக்கு, குறுகியது ஆணுக்கு. பெண் நண்டுகளின் மடலைத் தூக்கிப் பாருங்கள். சினை வெளியே தெரியும் நண்டை வாங்குவதில்லை என்று கம்பெனி கொள்கை இருந்தால், சிலர் முட்டையைச் சுரண்டி எறிந்துவிட்டு எடை போடுவார்கள். மடலுக்குள் இருக்கும் நார்களில் மிச்சம் ஒட்டியிருக்கும். விலையைக் குறைத்தால் சுரண்டல்தான் கூடும். உயிரோடு இருக்கும் சினை நண்டைக் கடலிலேயே விடுபவருக்கு ஏதாவது பலன் கிடைக்கிற மாதிரி கொள்முதல் விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கழிவு வலையும் இங்கேயே கிடக்கும். நைலான் நரம்பில் பின்னிய நண்டு வலை சீக்கிரம் கிழியும். தைத்து மாளாமல் கரையில் போட்டு எரிப்பார்கள், மீதி கடலில் தங்கி நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். வலை வாங்க அட்வான்ஸ் கொடுக்கும் கம்பெனியிடம் வருடத்துக்கு எத்தனை கிலோ வலை போனது என்ற கணக்கு உண்டு. பழைய வலை எத்தனை கிலோ திரும்பி வந்தது என்ற கணக்கைக் கேளுங்கள். பெரும்பாலும் அப்படி ஒரு நோட்டே இருக்காது.

கொட்டகையில்

வேகவைக்கும் கொட்டகைதான் சங்கிலியின் பலவீனமான கண்ணி. ஆலைக்குத் தணிக்கையாளர்கள் வந்து போகிறார்கள், கொட்டகைக்கு யாரும் வருவதில்லை.

முதலில் அடுப்பு. எரிவது சீமைக் கருவேல விறகு என்றால் இந்த மாவட்டத்தில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரங்காடு போல அலையாத்தி உள்ள இடங்களுக்குப் பக்கத்தில் விறகுக் கட்டைப் பிரித்துப் பாருங்கள், சந்தேகமிருந்தால் வனத்துறைக்காரரிடம் துண்டைக் காட்டுங்கள். அடுத்து நண்டு வெந்த தண்ணீர். சதைச் சாறும் உப்பும் கலந்த இந்தத் தண்ணீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது மக்கும் அழுக்கு எவ்வளவு என்று காட்டும் பி.ஓ.டி., சாதாரண வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு. அதை வெளியே மணலில் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை என்று தோன்றும். கடலோர மணலுக்குக் கீழே மெல்லிய அடுக்காக நிற்கும் நல்ல தண்ணீர்தான் பக்கத்து வீட்டு ஊற்று. ஊற்று எத்தனை அடி தூரம், எந்தச் சரிவில் என்று வரைந்து கொள்ளுங்கள். கொட்டகையில் குறைந்தபட்சம் ஒரு நாள் தண்ணீர் முழுவதையும் பிடிக்கும் சிமெண்டுத் தொட்டியும், அதை ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப் போகும் லாரிச் சீட்டும் இருக்க வேண்டும்.

அண்டா, அடுப்பு, காய வைக்கும் களம் மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தில் வேறு ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடல் அட்டையைப் பதப்படுத்தவும் இதே சாமான்கள்தான் வேண்டும். 2001 முதல் கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. 2022 திருத்தத்தில் அட்டவணைகளே மாற்றி அமைக்கப்பட்டதால், கம்பெனியின் பழைய கொள்கைத் தாளில் உள்ள அட்டவணை எண்களை இன்றைய சட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கொட்டகையில் இவற்றில் எதையாவது பார்த்தால் அங்கேயே விசாரணை நடத்தாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். கிளம்பி வந்து மேலதிகாரிக்கும் வனத்துறைக்கும் தெரிவியுங்கள். அது தணிக்கைக் குறிப்பு அல்ல, குற்ற வழக்கு.

எடைக் கணக்கு

இது ஆலையின் கணக்கறையில் உட்கார்ந்து செய்வது, ஆனால் அடிப்படை விகிதம் கொட்டகையிலிருந்து வர வேண்டும். மூன்று தனித்தனி நாட்களில், பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்து 50 கிலோ வீதம் எடைபோட்டு வேகவைத்து, சதை எடுக்கும்வரை கூடவே இருந்து ஒவ்வொரு படியிலும் எடை எழுதுங்கள். புத்தகத்தில் கிடைக்கும் விகிதத்தை எடுக்காதீர்கள். ஓடு கழற்றிய புது நண்டில் தண்ணீர்தான் அதிகம், சதை குறைவு; பருவத்துக்குப் பருவம் எண் மாறும்.

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் சோதனையில் 1,000 கிலோ பச்சை நண்டுக்கு வெந்த நண்டு 780 கிலோ, அதில் சதை 240 கிலோ, ஓடும் குடலும் 500 கிலோ, வடிந்து போனது 40 கிலோ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சதை 24 சதவீதம். ஆலையின் மாதப் பதிவில் சதை 6,000 கிலோ. அப்படியானால் 25,000 கிலோ நண்டு வந்திருக்க வேண்டும். படகுச் சீட்டுகளைக் கூட்டினால் 19,500. மிச்சம் 5,500 கிலோ நண்டுக்குப் படகே இல்லை. அது வேறு கொட்டகையிலிருந்து இரவில் வந்த வெந்த நண்டாக இருக்கலாம், அளவு குறைந்ததால் சீட்டுப் போடாத நண்டாக இருக்கலாம், தடைக்காலச் சரக்காகவும் இருக்கலாம். 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் வந்தால் தராசு, தண்ணீர் வடிதல் என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் விளக்கம் எழுத்தில் வேண்டும். எதிர்ப்பக்கமும் வரும்: சீட்டு அதிகம், சதை குறைவு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள், வேறு யாருக்கோ சரக்குப் போகிறது, அல்லது வரப்போகும் கள்ளச் சரக்குக்கு முன்கூட்டியே சீட்டுச் சேர்க்கிறார்கள்.

ஓடும் பேசும். மேற்படி கணக்கில் 25,000 கிலோவுக்கு 12,500 கிலோ ஓட்டுக் கழிவு. கைட்டின் (ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள்) தயாரிப்புக்கோ தீவனத்துக்கோ விற்றதாக எடைமேடைச் சீட்டு 4,000 கிலோவுக்குத்தான் இருக்கிறது என்றால், காய்ந்து குறைந்த எடையைக் கழித்தாலும் மீதி எங்கே? ஊருக்கு வெளியே காக்கை கூட்டமாக வட்டமிடும் இடத்தைத் தேடிப் போங்கள். சதைத் தர விகிதத்தையும் மாதவாரியாகப் பாருங்கள். பெரிய கட்டிச் சதையின் பங்கு சட்டென்று குறைந்து, சில்லுச் சதையும் கால் சதையும் கூடினால், அந்த மாதம் சின்ன நண்டு உள்ளே வந்திருக்கிறது, அளவுப் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஆலையில்: தண்ணீரும் கரண்டும்

தண்ணீரையும் இதே மாதிரி கூட்டிக் கழியுங்கள். இந்த மாவட்டத்தில் நல்ல தண்ணீர் லாரியில் வரும், அல்லது உப்புப் போர்வெல்லை ஆர்.ஓ. போட்டு எடுப்பார்கள். போர் மீட்டரில் மாதம் 360 கிலோலிட்டர், ஆர்.ஓ. மூன்றில் இரண்டு பங்கை நல்ல தண்ணீராகத் தருகிறது என்றால் 240 கிடைக்கும், 120 கழிவு உப்புநீர். ஐஸுக்கும் ஆவிக்கும் 40 போனால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 200 வர வேண்டும். அங்கே மீட்டர் 90 காட்டுகிறது. மீதி 110 கிலோலிட்டர் வேறு குழாயில் போகிறது. கட்டடத்தைச் சுற்றி நடந்து அந்தக் குழாயைக் கண்டுபிடியுங்கள். அந்த 120 கிலோலிட்டர் உப்புநீர் எங்கே போகிறது என்பதையும் கேட்க மறக்க வேண்டாம், அதை யாரும் கழிவு என்றே நினைப்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்று பார்க்க அதன் தனி மின்மீட்டரே போதும். காற்று ஊதும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 3.7 கிலோவாட். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் மாதம் 2,220 யூனிட் ஆக வேண்டும். மீட்டரில் 300 யூனிட் என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம்கூட ஓடவில்லை. தணிக்கைக்கு ஆள் வரும்போது ஊதியிருக்கிறார்கள். சேறு எடுத்த பதிவே இல்லாத உயிரிச் சுத்திகரிப்பு நிலையமும் அப்படியே. நன்றாக ஓட்டியும் முடிவு மோசமாக வந்தால், தரை கழுவிய குளோரின் தண்ணீர் நேராக உள்ளே போகிறதா என்று பாருங்கள். அது கிருமியோடு சேர்த்துத் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

வரம்பு எது என்பது தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. பொதுத் தரத்தின்படி பி.ஓ.டி. கடலோர நீருக்கும் பாசன நிலத்துக்கும் லிட்டருக்கு 100 மில்லிகிராம், உள்நாட்டு நீர்நிலைக்கு 30. தொங்கு திடப்பொருள், அதாவது தண்ணீரில் கரையாமல் மிதக்கும் துகள், நிலத்துக்கு 200, மற்ற இரண்டுக்கும் 100. பிஹெச் 5.5 முதல் 9 வரை. இசைவாணையில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். மாதிரியைக் காலை பத்து மணிக்கு எடுக்காதீர்கள், வேலை முடிந்து தரை கழுவும் நேரத்தில் எடுங்கள். மதுரை ஆய்வகத்துக்குப் போக வேண்டுமென்றால் ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வெயிலில் காரின் பின்னால் கிடந்த புட்டி ஆலைக்குச் சாதகமான எண்ணைத்தான் தரும், அதற்குள் பாதி மக்கிப் போயிருக்கும்.

குளிர்சாதன வாயுவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மெக்கானிக்கின் பில்லில் 'கேஸ் டாப்-அப்' என்று வரும் ஒவ்வொரு கிலோவும் கசிந்த கிலோ. ஆர்-404ஏ என்ற குளிர்சாதன வாயு ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் கிட்டத்தட்ட 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பத்து கிலோ கசிந்தால் 39 டன். அதே 39 டன் மின்சாரத்தில் வர வேண்டுமானால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்து, 55,000 யூனிட்டுக்கு மேல் எரிக்க வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டும் ஆலையில் இந்த பில்லைக் காட்டினால் நல்லது.

இறாலும் வாங்கும் கம்பெனி என்றால்: பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா, வன்னாமி (வளர்ப்பு இறால் வகை) பண்ணையில் கழிவுநீர்க் குட்டை உண்மையாகவே இருக்கிறதா, அல்லது அதிலும் இறால் விட்டிருக்கிறார்களா, தடைசெய்த ஆன்டிபயாடிக் டப்பா ஷெட்டில் கிடக்கிறதா. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

ஆட்கள்

சதை எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. அதை மணிக்கணக்கில் மாற்றினால்தான் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட முடியும். எடுத்த கிலோவைக் கூலி விகிதத்தால் பெருக்கி, உட்கார்ந்திருந்த நேரத்தால் வகுங்கள். நண்டு வண்டிக்காகக் காத்திருந்த நேரமும் வேலை நேரம்தான், அதை ஆலை கணக்கில் எடுக்காது. பேசப் போவது பெண்ணாக இருக்கட்டும், மேஸ்திரி இல்லாத இடத்தில், ஐந்தாறு பேரோடு. 'சம்பளம் ஒழுங்கா வருதா?' என்று கேட்டால் 'வருதுங்க' என்பதுதான் பதில். போன வாரம் எந்தக் கிழமை பணம் வந்தது, யார் கையில் கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று கேளுங்கள். விரலில் ஓடு குத்திய புண், அடுப்படியில் நிற்பவர்களுக்கு இருமல், மூச்சிளைப்பு உண்டா என்றும் விசாரியுங்கள். வேகும் நண்டின் ஆவி சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதைச் சாதாரணச் சளி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளி நாளில் போகும் தணிக்கையில் குழந்தை ஒன்றும் கண்ணில் படாது. சனிக்கிழமையும் மே மாதமும் போங்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, 18க்குக் கீழே அபாய வேலை கூடாது. ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டால் 'நாளையிலிருந்து வரக் கூடாது' என்று விரட்டச் சொல்வது மிக மோசமான தீர்வு, அந்தப் பிள்ளை கணக்கே இல்லாத வேறு கொட்டகைக்குப் போகும். குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தெரிவித்து, பள்ளிக்குத் திரும்பும்வரை குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அந்த வேலையைத் தரச் சொல்லுங்கள்.

முன்பணத்தைப் பார்த்ததும் கொத்தடிமை என்று எழுதிவிடாதீர்கள். அட்வான்ஸ் இல்லாமல் இந்தக் கரையில் வலை வாங்க முடியாது. பார்க்க வேண்டியது மூன்று: பாக்கி எவ்வளவு என்று எழுதிய நோட்டு படகுக்காரர் கையிலும் இருக்கிறதா, அவருக்குக் கிடைக்கும் விலை அன்றைய ஏல விலையைவிட எவ்வளவு குறைவு, பாக்கியைத் தீர்த்துவிட்டு வேறு வியாபாரியிடம் போக அவரால் முடியுமா. மூன்றாவதற்குப் பதில் 'இல்லை' என்றால் அது தீவிரமான குறை.

எழுதும்போது

ஒவ்வொரு குறையிலும் எங்கே, எப்போது, எதைப் பார்த்தது, எந்த விதி, எந்தச் சான்று எண் என்பது இருக்கட்டும். 'கழிவு மேலாண்மை திருப்திகரமாக இல்லை' என்று எழுதினால் யாராலும் திருத்த முடியாது. 'கொட்டகை 7, வேகவைத்த தண்ணீர் வடக்குச் சுவர் ஓட்டை வழியாக மணலில், ஊற்றிலிருந்து 18 மீட்டரில்' என்று எழுதினால் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிடலாம். உயிருக்கோ சட்டத்துக்கோ ஆபத்தானதை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பெரிய குறைக்கு 30 நாள், சிறியதற்கு 90 நாள் கெடு கொடுப்பது வழக்கம்.

காரணம் என்ற பத்தியில் 'விழிப்புணர்வு இல்லை' என்று நிரப்பாதீர்கள். தண்ணீரை மணலில் கொட்டுவதற்குக் காரணம், லாரி வாடகை கிலோ விலையில் சேராததாக இருக்கும். கள்ளச் சரக்கு வருவதற்குக் காரணம், உங்கள் விற்பனைப் பிரிவு கடலில் இல்லாத அளவுக்கு ஆர்டர் எடுத்ததாக இருக்கும். அப்படி வந்தால் கொள்முதல் மேலாளரின் பெட்டிக்கும் ஒரு குறை எண் போடுங்கள். தணிக்கைக் குறை எல்லாம் கொட்டகைக்காரர் தலையில் விழுந்து, ஆலையின் பக்கம் வெள்ளையாக இருக்கும் அறிக்கையை யாரும் நம்பக் கூடாது.

இது உள் தணிக்கை என்பதும் நினைவிருக்கட்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள், பதிவுபெற்ற வெளித் தணிக்கையாளர்களுக்கு வழி செய்திருக்கின்றன. அவர்கள் வரும்போது கேட்கப்போவதும் இதே மீட்டர்ப் பதிவுகளைத்தான், அதனால் மூலப் பதிவேட்டை அழகாக மறுபடி எழுதி வைக்க யாரையும் விடாதீர்கள். ஐஸ் தண்ணீர் பட்டு மை கலைந்த நோட்டுக்குத்தான் மதிப்பு.

மறு சோதனைக்குச் சொல்லாமல் போங்கள், வரத்து அதிகமான ஒரு வாரத்தில். பட்டியலைத் திரும்ப ஓட்ட வேண்டாம். எடை, தண்ணீர், கரண்ட் மூன்று கணக்கையும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டு, போன தடவை வந்த இடைவெளி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள். இடைவெளி ஒரே மாதத்தில் சுத்தமாகப் பூஜ்யம் ஆகியிருந்தால், படகுச் சீட்டுக் கட்டை எடுத்துக் கையெழுத்துகளை ஒப்பிடத் தொடங்குங்கள்.